சிங்கவரத்து வைக்கோல் கன்று

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பேய், பிசாசு, ஆவி இதில் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. நான் பார்த்த உத்தியோகம் அப்படி. பசுவின் வயிற்றுக்குள் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டவன், செத்த மாட்டை அறுத்து ஈரல், குடல், பித்தப்பை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவன், அங்கே ஆவி என்று ஒன்று ஒளிந்துகொள்ள இண்டு இடுக்கு கிடையாது என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து தொண்டை கிழிய வாதாடுவேன். என் வீட்டுக்காரி திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தால், அவள் குங்குமம் தேடிப் போவதற்குள் நான் சர்பத் போட்டுக் குடித்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் நடுப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில், நாலு பேர் கண்ணெதிரே நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். படித்து முடித்து முதல் வேலையாக செஞ்சி மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக வந்திருந்தேன். மீசை சரியாக முளைக்கவில்லை, வாய் மட்டும் நன்றாக முளைத்திருந்தது. பட்டணத்துக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார், கன்றுக்குட்டிகள் கழிச்சலில் சாகிற விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். "கழிச்சல் கண்ட கன்று தண்ணீர் வற்றி மட்டும் சாவதில்லையப்பா, அதன் இரத்தம் புளித்துப் போகிறது, மாவு புளிப்பது போல" என்பார். கழியக் கழிய உடம்பில் அமிலத்தை முறிக்கிற காரமெல்லாம் சாணத்தோடு வெளியே போய்விடும், அமிலம் மட்டும் தங்கிவிடும், அப்புறம் கன்று ஓடி வந்தது போல ஆழமாக மூச்சு வாங்கும், நிற்க முடியாது, படுத்துவிடும், அவ்வளவுதான். வாய் வழியாக என்ன ஊற்றினாலும் அந்த நிலைமையில் பிரயோசனம் இல்லை, உப்புத் தண்ணீரோடு சோடா உப்பையும் கலந்து நேராக இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் செத்தது போலக் கிடந்த கன்று எழுந்து நின்று அம்மா என்று கத்தும் என்பார். எனக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. மனிதருக்கே சலைன் ஏற்றினால் ஊர் கூடி வேடிக்கை பார்க்கிற காலம், கன்றுக்குட்டிக்கு யார் ஏற்றுவார்கள், சொல்லுங்கள்!

கார்த்திகை மழை விட்டு வெயில் ஏறியிருந்த ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரி கதவைத் திறக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். சிங்கவரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், புடவை முழங்கால் வரைக்கும் சேறு. பேர் செங்கேணி.

"டாக்டரய்யா, கன்னு சாவுது. மாட்டையும் விக்கறாங்க. தரகரு வந்துட்டாரு. நீங்க வந்தாத்தான் உண்டு" என்றாள் ஒரே மூச்சில்.

விசாரித்ததில் விஷயம் இதுதான். அந்தப் பசு அவள் அம்மா வீட்டிலிருந்து கல்யாணத்துக்குச் சீராக வந்தது. போட்ட கன்றெல்லாம் கழிச்சலில் போய்விட்டது. இது கன்று தங்காத மாடு, வீட்டுக்கு ஆகாது என்று அவள் புருஷன் ஏழுமலை முடிவு கட்டி, அனந்தபுரத்துத் தரகரை வரச் சொல்லிவிட்டான். கன்று செத்தால் அன்று சாயங்காலமே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கிழ மாடு, பால் இல்லை, கன்று இல்லை என்றால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும், அடிமாட்டுக்குத்தான்.

அவள் அழுதுகொண்டு சொல்ல, எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். அடடா, படுத்துவிட்ட கன்று! மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றாள், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வைத்திய புத்தி அற்ப புத்திதான், என்ன செய்ய. ஓடிப்போய் சலைன் பாட்டில்களை எடுத்தேன், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சோடா உப்பை நிறுத்துக் கலந்து தனி பாட்டில்களில் ஊற்றினேன். சோடாவைப் போட்ட பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, வைத்தால் அது துணிக்குப் போடுகிற சோடாவாக மாறிக் கன்றைக் கொன்றுவிடும், அதையும் அந்தப் பேராசிரியர்தான் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு பறந்தேன். நீ மெதுவாக வாம்மா என்று செங்கேணியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன், ஆனால் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை வழியாகக் குறுக்கே ஓடி எனக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

கொட்டகைக்கு முன்னால் பூவரச மரத்தடியில் கன்று பக்கவாட்டில் கிடந்தது. செவலைக் கிடேரி, நெற்றியில் வெள்ளை. கண் குழிந்து உள்ளே போயிருந்தது, தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது, வாய்க்குள் தொட்டால் ஜில்லென்று இருந்தது. விலா மட்டும் துருத்தி போல ஏறி இறங்கியது. பேராசிரியர் சொன்ன அத்தனை லட்சணமும் ஒன்று விடாமல் இருந்தது. தரகர் எதிரே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், மடியில் புதுக் கயிறு.

"எதுக்கு டாக்டரய்யா வீண் அலச்சல்? அது தேறாது. இவ சொன்னா கேக்க மாட்டேன்றா" என்றான் ஏழுமலை. கெட்டவன் இல்லை, அலுத்துப் போனவன்.

"என்ன கொடுத்தீங்க இதுக்கு?"

"மாதுளம் ஓடு அரச்சி உள்ளுக்கு குடுத்தோம். பால நிறுத்திட்டோம். தண்ணி காட்டல."

"தண்ணி ஏன்யா காட்டல?"

"இன்னாங்கய்யா இப்பிடி கேக்கறீங்க? ஊத்தறதுக்கு மேல ஊத்துனா இன்னும்தானே ஊத்திக்கும்!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது, கழிகிற கன்றுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், ஓட்டைப் பானையில் எதற்கு ஊற்றுவது என்கிற கணக்கு. கத்தித் தீர்த்தேன். செங்கேணி கொட்டகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பசு கட்டியிருந்தது, அதன் முன்னால் நின்றது ஒரு வைக்கோல் கன்று. உங்களில் பட்டணத்துக்காரர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கன்று செத்துவிட்டால் பசு பால் சுரக்காது, அடக்கிக்கொள்ளும். அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காய வைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, காலுக்கு நாலு குச்சி வைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பாலை விடும். இது போன வருஷத்துக் கன்றின் தோல். மயிர் உதிர்ந்து, காது ஒன்று எலி கடித்து, கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகளோடு பரண் மேல் கிடந்திருக்கிறது. வெளியே கிடக்கிற கன்று படுத்ததிலிருந்து பசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம், பரணைப் பார்த்துப் பார்த்துக் கத்தியதாம். பொறுக்க முடியாமல் செங்கேணி வைக்கோல் கன்றை இறக்கி வைத்திருக்கிறாள். பசு அதன் கழுத்தை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

நான் என் வேலையைப் பார்த்தேன். பாட்டில்களை வெயிலில் வைத்துச் சூடு ஏற்றினேன், கன்றின் கழுத்தில் மயிரைச் சிரைத்தேன். தண்ணீர் வற்றிய கன்றுக்கு இரத்தக் குழாய் காய்ந்த கொடி போல ஒட்டிக் கிடக்கும், குத்தினால் அகப்படாது. குத்திக் குத்தி எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஒரு வழியாக ஊசியில் இரத்தம் எட்டிப் பார்த்தபோது அப்படியே கூவிவிட்டேன். பூவரசங் கிளையில் பாட்டிலைக் கட்டி, ரப்பர் குழாயை மாட்டி, திறந்து விட்டேன். பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக மேலே போயிற்று. ஆகா, ஏறுகிறது! ஒரு பாட்டில் முடிந்தது, அடுத்ததைக் கட்டினேன். அதுவும் முடிந்தது, அதற்கடுத்ததைக் கட்டினேன்.

கன்று அப்படியே கிடந்தது.

முதலில் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். இவ்வளவு தண்ணீர் போனால் கண்ணாவது கொஞ்சம் மேலே வர வேண்டும், தோலாவது இளக வேண்டும். ஒன்றுமில்லை, இன்னும் குழிந்தது போல இருந்தது. ஊசி நழுவித் தோலுக்கடியில் போகிறதோ என்று கழுத்தை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. பாட்டிலை இறக்கித் தாழ்த்திப் பார்த்தேன், குழாயில் இரத்தம் திரும்பி வந்தது, ஊசி சரியான இடத்தில்தான் இருந்தது. தரையைத் தடவினேன், ஒழுகின ஈரம் இல்லை. கழியவும் இல்லை. பின்னே தண்ணீர் எங்கே போகிறது? பாட்டில் என்னவோ மடமடவென்று காலியாகிறது, யாரோ வாயை வைத்து உறிஞ்சுவது போல.

அப்போதுதான் செங்கேணி கொட்டகைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "டாக்டரய்யா, இங்க வந்து பாருங்க."

வைக்கோல் கன்றின் கழுத்து ஈரமாக இருந்தது. நான் ஊசி குத்தியிருந்த அதே பக்கம், அதே இடம், சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பும் சோடாவும் கலந்த அதே ருசி. உடனே சிரித்துவிட்டேன், சத்தியமாகச் சிரித்தேன். "ஏம்மா, மாட்டு எச்சிலே சோடாத் தண்ணிதான், அது மணிக்கணக்கா நக்குது, ஈரமாகாம என்ன ஆகும்?" என்றேன். உண்மையும் அதுதான், மாட்டின் எச்சில் நல்ல காரம், படித்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைப் பசுவின் முன்னாலிருந்து அப்புறப்படுத்திக் காட்டுகிறேன் பார் என்று ஒரு கையால் தூக்கினேன்.

தூக்க முடியவில்லை.

வெறும் தோலும் வைக்கோலும், ஒரு தலையணைக் கனம் இருக்க வேண்டியது, இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. அழுத்தித் தள்ளினேன், உள்ளே தளக் தளக்கென்று தண்ணீர் அலம்பியது. நான் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"அதுக்குத்தான் போவுது" என்றாள் செங்கேணி. குரலில் பயமே இல்லை. "போன வருசம் இது இதே மாதிரிதான் கெடந்துது. நாக்க நீட்டிக்கினு, தண்ணிக் குண்டான் பக்கமா மண்ணுல இழுத்துக்கினே வந்துது. நாந்தான் குண்டான எடுத்து அப்பால வச்சேன். எல்லாரும் சொன்னாங்களேன்னு வச்சேன். அது தாகத்தோட போச்சு, டாக்டரய்யா. இன்னிக்கி உட்டா அதுக்கு யாரு குடுப்பா? ஒரே ஒரு பாட்டிலு அதுக்கு ஏத்துங்க."

"பைத்தியமா உனக்கு? கடைசி பாட்டில்தான் இருக்குது, உயிரோட இருக்கறதுக்கே அது காணாது!" என்று கத்தினேன். கத்தியது அவளைப் பார்த்து இல்லை, அந்தக் கனத்தைப் பார்த்து.

அவள் வீட்டுக்குள் போய் ஒரு குண்டான் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள், உப்பு போட்டாள், என் பையில் பொட்டலத்தில் மிச்சமிருந்த சோடா உப்பைப் பார்த்துவிட்டு, "இதுல எவ்ளோ போடணும்?" என்று கேட்டாள். நான் சொன்னேன்! யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. வைக்கோல் கன்றுக்கு மருந்தளவு சொன்ன மாட்டு டாக்டர் இந்தத் தேசத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே வந்து கடைசி பாட்டிலைக் கிளையில் கட்டினேன்.

அவள் உள்ளே வைக்கோல் கன்றின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, வாய் இருந்த ஓட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "குடிடா கண்ணு. குடி, குடி. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க." ஏழுமலை கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். தரகர் வெற்றிலையை மெல்ல மறந்து எட்டிப் பார்த்தார். குண்டான் காலி. அந்தத் தோலில் தையல் பிரிந்த இடம் எத்தனை, எலி கடித்த ஓட்டை எத்தனை, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கீழே வரவில்லை. பசு நக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி வெளியே கிடந்த கன்றைப் பார்த்தது.

நானும் பாட்டிலைப் பார்த்தேன். அதுவரைக்கும் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்த குமிழ்கள் நிதானித்துவிட்டன. ஒவ்வொன்றாக, சாவகாசமாக ஏறின. அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! குழிக்குள் இருந்த கண் மேலே வந்தது, நான் பார்க்கப் பார்க்க வந்தது. காது அசைந்தது. துருத்தி மூச்சு அடங்கிச் சாதாரண மூச்சாயிற்று. வாய்க்குள் விரலை விட்டேன், வெதுவெதுப்பு! பாட்டில் முடியும் சமயம் கன்று வாலைத் தூக்கிச் சளசளவென்று மூத்திரம் விட்டது பாருங்கள், நான் துள்ளிக் குதித்து, "மூத்திரம் போச்சு! மூத்திரம் போச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். சிறுநீரகம் வேலை செய்கிறது என்று அர்த்தம், கன்று பிழைத்தது என்று அர்த்தம். அவர்களுக்கு அது எங்கே தெரியும், டாக்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஊசியை உருவினேன். கன்று முன்னங்காலை ஊன்றியது, சரிந்தது, மறுபடி ஊன்றியது, ஆடிக்கொண்டே நின்றுவிட்டது. பால் குடிக்கிற பலம் வந்துவிட்டதா என்று பார்க்க விரலை வாயில் கொடுத்துப் பார்ப்போம், அது எங்கள் தொழில் வழக்கம். கொடுத்தேன், கவ்விக்கொண்டது! பசித்த கன்று விரலைப் பிடித்தால் லேசில் விடாது, மடியை முட்டுவது போல முட்டி முட்டிச் சப்பும், நாம்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கினேன். ஏழுமலை கயிற்றை அவிழ்த்துவிட, பசு ஓடி வந்து கன்றைத் தலையிலிருந்து வால் வரைக்கும் நக்கித் தீர்த்தது, பால் தானாகவே காம்பிலிருந்து ஒழுகியது. ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றான். "மாட்ட குடுக்கல, நீங்க போங்க" என்று துண்டுக்குள்ளிருந்தே தரகரிடம் சொன்னான். தரகர் கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, புதுக் கயிற்றைக் கல்லின் மேலேயே விட்டுவிட்டு வேகமாக நடந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கெலித்துவிட்டேன்! பேராசிரியருக்கு எப்போது சொல்வேன் என்று பரபரப்பு. பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனேன்.

"டாக்டரய்யா, அதையும் ஒருவாட்டி பாத்துட்டு போயிடுங்க" என்றாள் செங்கேணி, சாதாரணமாக, இரண்டாவது நோயாளியைக் காட்டுகிறவள் போல.

இருந்த உற்சாகத்தில் எனக்கு விளையாட்டாகப் போய்விட்டது. அதற்கென்ன, பார்த்துவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போய், குனிந்து, அந்த வைக்கோல் கன்றின் வாயில் விரலைக் கொடுத்தேன். அப்புறம் விரலை எடுத்துக்கொண்டு எழுந்து, "சரியாயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சைக்கிளை மிதித்த வேகத்துக்கு செஞ்சி வந்ததே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த வைக்கோல் கன்றை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொல்லையோரம் புதைத்துவிட்டார்கள். பிறகு சந்தையில் ஏழுமலையைப் பார்த்தபோது, தூக்கும்போது கனமாக இருந்ததா என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "இன்னா கனம் டாக்டரய்யா, பஞ்சாட்டம் இருந்துச்சு. உள்ள வைக்கலு காஞ்சி கெடந்து சலசலன்னுது" என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

விரலுக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? இழுத்தது. ஈரத் தோல் காயக் காயச் சுருங்கும், சுருங்கினால் விரலைப் பிடிக்கும், நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. இத்தனை வருஷமாக என்னைத் தூங்க விடாமல் செய்வது அது பிடித்தது இல்லை, அது விட்டதுதான். முட்டவில்லை, நான் பிடுங்கவும் இல்லை, இரண்டு முறை மெதுவாகச் சப்பிவிட்டு, நான் இழுப்பதற்கு முன்னால் தானாகவே நாக்கால் என் விரலை வெளியே தள்ளிவிட்டது. வயிறு நிறைந்த கன்றுதான் அப்படிச் செய்யும்.